அவரைப் பேச விடுங்க

எனக்குக் கோபம் வந்தால் லேசில் ஆறாது. மற்றவர்கள் சண்டை பிடிப்பார்கள், அழுவார்கள், அடுத்த கலியாண வீட்டில் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அது வராது. யார் எங்கே நின்று, என்ன முகத்தோடு, என்ன சொன்னார் என்பதெல்லாம் எனக்குள் அப்படியே கிடக்கும். அந்த நரம்பு டொக்டர் என்னிடம் சொன்னதும் ஒரு எழுத்து மாறாமல் கிடக்கிறது.

“அம்மா, நீங்க கொஞ்சம் இருங்க. அவரைப் பேச விடுங்க.”

இதில் என்ன பெரிய பிழை என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன்.

இவர், அதாவது என் கணவர், தென் லண்டனில் பஸ் ஓட்டியவர். நான் கார் ஓட்டப் பழக்குகிறவள். நோர்பரியிலும் சுற்றுவட்டாரத்திலும் ஸ்டியரிங்கைக் கண்டாலே வியர்த்துப்போகும் தமிழ்ப் பெண்கள் எல்லோரும் கடைசியில் என் காரில்தான் வந்து ஏறுவார்கள். ஒரு நாள் பஸ்ஸை நிறுத்தத்தில் நிறுத்திவிட்டு இவர் காலைத் தூக்கப் பார்த்திருக்கிறார். பிரேக்கில் வைத்த கால் திரும்பி வரவில்லை. பயணிகள் பின்னாலிருந்து சத்தம் போட, இவர் இரண்டு கைகளாலும் தன் தொடையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அன்றோடு பஸ் போயிற்று. நரம்பின் மேலுறை பழுதாகிப்போகிற வியாதி என்றார்கள். எம்.எஸ். என்று அதற்குப் பெயர். மாற்ற முடியாது, சமாளிக்கலாம் என்றார்கள்.

சமாளித்தவள் நான். இவருடைய கால்கள் மரக்கட்டை மாதிரி விறைக்கும். சில வேளை தாமாகவே துள்ளும். துள்ளும்போது பக்கத்தில் மேசை இருந்தால் மேசைக்கு உதை, நான் இருந்தால் எனக்கு உதை. மாடிப்படி ஏற ஏலாமல் போனபின் முன்னறையில், தெருவைப் பார்த்த ஜன்னலோரம் கட்டில் போட்டோம்; நான் பக்கத்துச் சோபாவில் படுத்தேன். நித்திரை என்பது எங்கள் வீட்டில் விருந்தாளி மாதிரி எப்போதாவது வந்து போனது. டொக்டர் தந்த முதல் மாத்திரை இவரை நாள் முழுக்கத் தூங்கி வழிய வைத்தது, காலைத் தொடவில்லை. இரண்டாவது மாத்திரையில் கால் துவண்டு, கழிவறைக்குப் போகிற வழியில் விழுந்தார். பிறகு பழையபடி விறைப்பு.

இப்படியிருக்கிற மனுசன், டொக்டரிடம் போகிற நாளில் மட்டும் மாப்பிள்ளை. காலையில் எழும்பியதும் ஷேவ் எடுக்க வேண்டும். வெள்ளைச் சேட்டு அயன் பண்ண வேண்டும். துள்ளுகிற காலைப் பிடித்து நான் காற்சட்டைக்குள் நுழைக்க வேண்டும். கோட்டு, நெற்றியில் கீற்றுச் சந்தனம், கொஞ்சம் சென்ட். அதோடு டொக்டருக்கு ஒரு பெட்டி பற்றிஸ். டொக்டர் மதுரைப் பக்கத்து ஆள், மச்சம் மாமிசம் தின்னமாட்டார் என்று எங்கிருந்தோ விசாரித்து அறிந்து, உருளைக்கிழங்கும் லீக்ஸும் போட்டு, பெருஞ்சீரகம் தூவி, ஓரத்தை முள்ளுக்கரண்டியால் அழுத்திப் பொரித்தது. செய்தவள் நான்.

“ஆஸ்பத்திரிக்கு ஏன் இப்பிடி வெளிக்கிடுறியள்? பொம்பிளை பாக்கவோ போறம்?” என்று கேட்டால் இவருக்குக் கோபம் வரும்.

“இவ்வளவு வெள்ளைக்காரருக்கு நடுவிலை எங்கட தமிழ்ப் பிள்ளை ஒண்டு அந்தக் கதிரையிலை இருக்குது. அதுக்கு முன்னாலை பிச்சைக்காரன் மாதிரிப் போய் நிக்கிறதே?”

ஒரு நாள் அங்கே காத்திருந்தபோது, சக்கர நாற்காலியில் பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார மனுசன் சட்டைப்பையிலிருந்து சின்னக் குப்பி ஒன்றை எடுத்து நாக்குக்கடியில் அடித்தார். அவருக்கும் இதே வியாதி. வேறு ஊரில் இருந்தபோது அங்கத்தைய ஸ்பெஷலிஸ்ட் எழுதிக் கொடுத்ததாம். கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கிற மருந்து, சட்டப்படி மருந்துக்கடையில் வருகிறது என்றார். “என் கால்கள் இப்போது என் சொல் கேட்கின்றன” என்று சிரித்தார். அதைக் கேட்டதும் எனக்குப் பசித்தது. நம்பிக்கை வந்தால் எனக்கு அப்படித்தான்.

உள்ளே போனோம். பற்றிஸ் பெட்டி கைமாறியது. டொக்டர் மூடியைத் திறந்து மணந்து பார்த்து, “அடடா, எதுக்கு சார் இதெல்லாம்” என்றார். பெட்டி அவருடைய பைக்குள் போனது. நான் அந்த ஸ்பிரேயைப் பற்றிக் கேட்டேன்.

“அது கஞ்சால இருந்து எடுக்கறதும்மா.”

“தெரியும் டொக்டர். அதைத்தான் கேக்கிறன்.”

“நம்ம ஜனங்க வந்து கஞ்சா குடுங்கன்னு கேட்டா நல்லாவா இருக்கும்? அதுவும் இல்லாம, மத்த மாத்திரை ரெண்டும் கேக்கலைன்னாத்தான் அதைப் பத்தி யோசிக்கவே முடியும். இந்த ஏரியாவில மருந்துச் செலவுக் கமிட்டிக்கு வேற எழுதணும்.”

“ரெண்டும் கேக்கேல்லை டொக்டர். முதல் குளிசை—”

அங்கேதான் அவர் கையை உயர்த்தினார். போக்குவரத்துப் பொலிஸ் மாதிரி உள்ளங்கையைக் காட்டி. “அம்மா, நீங்க கொஞ்சம் இருங்க. அவரைப் பேச விடுங்க.” பிறகு கதிரையை இவர் பக்கம் திருப்பி, “நீங்க சொல்லுங்க சார். மாத்திரை எப்படி இருக்கு?”

இவர் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்தார். முந்தின நாள் முழுக்கக் கால் விறைத்து அழுத மனுசன். சிரித்த முகத்தோடு சொன்னார்:

“ஓம் டொக்டர், பரவாயில்லை. நல்ல மருந்து.”

டொக்டர் என்னைப் பார்த்தார்.  ‘பார்த்தீர்களா’ என்று புருவத்தை உயர்த்தினார். பிறகு கணினியில் தட்டினார். நன்றாக இருக்கிறார், மருந்து வேலை செய்கிறது. ஆறு மாதம் கழித்து வாருங்கள்.

வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு இவரைத் தின்றுவிடுவேன் போலப் பேசினேன். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அவரின்ரை மருந்து சரியில்லை எண்டு அவரின்ரை முகத்தைப் பாத்து எப்பிடிச் சொல்லுறது? மனம் நோகாதே?” என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இந்தப் ‘பரவாயில்லை’ என்ற ஒரு சொல்லால் எங்கள் சனம் எத்தனை பேர் படுக்கையில் கிடக்கிறார்களோ தெரியாது. டொக்டர் கேட்டால் பரவாயில்லை, நர்ஸ் கேட்டால் பரவாயில்லை, வீட்டுக்கு வந்த பிறகு ஐயோ அம்மா.

இவரை மன்னித்தேன். இவர் நோயாளி, சாகக் கிடந்தாலும் மரியாதை பார்க்கிற மனுசன். ஆனால் அந்தக் கையை நான் மன்னிக்கவில்லை. என் பற்றிஸைப் பைக்குள் வைத்துக்கொண்டு என் வாயை மூடிய கை. காசு கொடுத்துத் தனியார் கிளினிக்குக்குப் போய் வாங்கலாம் என்று பலர் சொன்னார்கள். எங்களால் அது முடியாது. முடிந்தாலும் போயிருக்க மாட்டேன். இதை அந்த டொக்டரின் கையாலேயே எழுத வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எப்படி என்று தெரியாது. பொறுத்திருந்தேன்.

அந்த மாரி கழிந்து வசந்தம் தொடங்கிய நேரம், இந்தியத் தமிழில் ஒரு பெண் போன் பண்ணினாள். வந்து இரண்டு வருடமாம், கார் பழக வேண்டுமாம், பொம்பளை டீச்சர்தான் வேணுமாம். பேர்லியில் வீடு. முதல் வகுப்புக்குப் போய் வாசலில் காரை நிறுத்தினேன். அவள் ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் வாசலில் நின்று, “மெதுவா ஓட்டு, டீச்சர் சொல்றதைக் கேளு” என்று கத்தியவரைப் பார்த்தேன். அந்த டொக்டரேதான். அரைக்காற்சட்டையும் தேநீர்க் கோப்பையுமாக.

அவர் என்னைப் பார்த்தார். கையசைத்தார். அடையாளம் தெரியவில்லை! எத்தனை தரம் அவருக்கு எதிரே அமர்ந்திருக்கிறேன். எத்தனை பெட்டி பற்றிஸ். அந்தக் கண்களுக்கு நான் ஒரு நோயாளியின் பக்கத்தில் இருந்த கைப்பை. உள்ளங்கையால் நிறுத்தியது போதாதென்று இது வேறு. கடவுள் என்றால் இப்படித்தான் வேலை செய்யவேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. நான் கேட்காமலே என்னை அந்த டொக்டரின் வாசலிலேயே கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

என் மூளை உடனே கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. இந்தப் பெண்ணை நான் லைசன்ஸ் சோதனைக்கே அனுப்பாமல் வைத்திருக்கலாம். “இன்னும் கொஞ்சம் பழகவேணும் தங்கச்சி” என்று சொல்லிச் சொல்லியே வருடக்கணக்கில் ரவுண்டபவுட்டைச் சுற்ற விடலாம். அந்த எண்ணம் ஒரு கிழமை இனித்தது. ஆனால் எனக்கு அது சரிவரவில்லை. என்னிடம் பழகியவள் ரோட்டில் தடுமாறினால் என் பெயர்தான் கெடும். பழிவாங்கலுக்காகத் தொழிலைக் கெடுக்கிற ஆள் நான் இல்லை. அதோடு அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. அதுதான் பெரிய தொல்லை.

அவள் ஊரில் ஸ்கூட்டர் ஓட்டியவள். கை நல்ல கை. ஆனால் யாராவது பக்கத்தில் மூச்சு விட்டால் கிளச்சை விட்டுவிடுவாள். ஏன் என்று கேட்டேன்.

“அவர்தான்க்கா முதல்ல சொல்லிக்குடுத்தாரு. நான் ஏதாவது கேட்டா, ‘நீ பேசாம இரு, நான் சொல்றதைக் கேளு’ன்னு கையைக் காட்டுவாரு. அதுலேர்ந்து யாராவது கையைத் தூக்கினாலே எனக்கு பிரேக் பிடிக்கத் தோணும்.”

“எந்தக் கை?” என்று கேட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது, என் வாயை மூடிய அதே கை.

அன்றிலிருந்து என் திட்டம் மாறியது. பின்னோக்கி எடுத்துத் தெருவோரம் நிறுத்தப் பழகவேண்டும் என்றேன். அதற்கு நல்ல தெரு எங்கள் தெருதான், அகலமானது என்றேன். பச்சைப் பொய். எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் கார் நின்று, பூனை போனாலே ஒதுங்க வேண்டும். ஆனாலும் ஒவ்வொரு கிழமையும் என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்த வைத்தேன். முன்னறை ஜன்னலில் இவருடைய தலை தெரியும். இவர் பழைய பழக்கத்தில், அவள் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்க வேண்டும் என்று கையால் காட்டுவார். நேராக நிறுத்திவிட்டால் கட்டைவிரலை உயர்த்துவார்.

“அந்த அண்ணன் யாருக்கா? நல்லா சொல்லித் தர்றாரே.”

“என்ர மனுசன். பஸ் ஓடினவர். இப்ப நடக்க ஏலாது.”

அவள் அடுத்த கிழமையும் கையசைத்தாள். அதற்கடுத்த கிழமை, “ஒரு நாள் வந்து பாக்கட்டுமா?” என்று தானே கேட்டாள். அதைக் கேட்க எவ்வளவு நாள் காத்திருந்தேன் என்று அவளுக்குத் தெரியாது. “அடுத்த வகுப்பு முடிய வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்” என்றேன்.

அன்று காலை வெள்ளன எழும்பி உருளைக்கிழங்கு அவித்தேன். லீக்ஸை நறுக்கினேன். பெருஞ்சீரகத்தை ஒரு பிடி கூடவே போட்டேன். மா குழைக்கும்போது கை தன்பாட்டில் குத்தியது. இவர் முன்னறையிலிருந்து, “ஆருக்குப் பற்றிஸ்? டொக்டரிட்டைப் போற நாள் இன்னும் வரேல்லையே” என்று கேட்டார். “டொக்டருக்குத்தான்” என்றேன். இவர் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

அவள் வந்து கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். இவருக்கு ஒரே சந்தோசம். கண்ணாடியை எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும், சின்ன ரவுண்டபவுட்டில் யாரை நம்பக்கூடாது என்றெல்லாம் வகுப்பெடுத்தார். நான் தேநீரையும் பற்றிஸையும் கொண்டுவந்து வைத்தேன். அவள் ஒன்றை எடுத்துக் கடித்தாள். மென்றாள். மெல்லுவது நின்றது.

“அக்கா, இதை நான் சாப்பிட்டிருக்கேன்.”

நான் தட்டை அவள் பக்கம் இன்னும் தள்ளி வைத்தேன்.

“எங்க வீட்டுக்காரர் கொண்டு வருவாரு. ஒரு சிலோன் பேஷன்ட் வீட்டுல குடுப்பாங்கன்னு. இதே ஓரம், இதே சோம்பு வாசனை. நான் இதுக்காகவே அவருக்கு அந்தப் பக்கம் எப்ப கிளினிக்னு கேட்பேன்.”

அந்த நேரம் பார்த்து இவருடைய கால் துள்ளியது. நான் திட்டம் போட்டதில் அது இல்லை. என் திட்டம் பற்றிஸோடு முடிந்திருந்தது. வலது கால் எழும்பி ட்ரேயை உதைத்தது. தேநீர் கட்டில் விரிப்பிலும் அவளுடைய ஜீன்ஸிலும் ஊற்றியது. பிறகு இரண்டு கால்களும் சேர்ந்து விறைத்து, முழங்கால் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டது. இவர் கட்டில் விளிம்பைப் பிடித்துப் பல்லைக் கடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. நான் முழங்கால்களுக்கு நடுவில் என் முழங்கையைக் கொடுத்து, வழக்கம்போல விலக்கிப் பிடித்தேன். அவள் எழுந்து சுவரோடு நின்றாள். நீண்ட நேரம் எடுத்தது. விட்டதும் இவர் செய்த முதல் வேலை, வேர்வை வழிகிற முகத்தை அவள் பக்கம் திருப்பிச் சிரித்ததுதான்.

“பரவாயில்லை தங்கச்சி. ஒண்டுமில்லை. உடுப்பு நனைஞ்சு போச்சே, குறை நினைக்காதேங்கோ.”

அப்போதுதான் சொன்னேன். “உங்கட மனுசனிட்டையும் இவர் இதைத்தான் சொன்னவர். அவர் அதை அப்பிடியே எழுதிப்போட்டார்.”

இவருக்கு அப்போதுதான் அவள் யார் என்று தெரிந்தது. என்னைப் பார்த்த பார்வையில் கோபம் கூட இல்லை, வெட்கம்தான் இருந்தது. அவள் கையில் பாதிப் பற்றிஸ் இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே கார் வரைக்கும் வந்தாள்.  திரும்பிப் போகும் வழியில் ஒரு தடவை கூடக் கிளச்சை விடவில்லை. அன்றைக்கு அவள் ஓட்டியது போல அதற்கு முன் ஓட்டியதேயில்லை.

அவள் போனபின் இவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. “வீட்டுக்கு வந்த பிள்ளையை இப்பிடிச் செய்யலாமோ?” என்று கடைசியில் கேட்டார். செய்யலாம் என்றேன். எனக்குக் கொஞ்சம்கூடக் கவலையில்லை என்றும் சொன்னேன். அது முழு உண்மையில்லை. அந்தப் பாதிப் பற்றிஸ் என் கண்ணுக்குள் நின்றது. அடுத்த கிழமை வகுப்பை அவள் நிறுத்திவிட்டபோது, சரி, இந்தக் கதவும் சாத்தியாயிற்று என்று நினைத்தேன்.

அதற்கடுத்த கிழமை போனில் வரச் சொல்லிவிட்டுத் தன் வீட்டு வாசலில் நின்றாள். ஏறினாள், பெல்ட்டைப் போட்டாள், கண்ணாடியைச் சரிசெய்தாள். பிறகு சொன்னாள்:

“அவர்கிட்ட பேசினேன்க்கா. ‘பேஷன்ட் விஷயத்தை வீட்டுல பேசக்கூடாது’ன்னாரு. நான் பேஷன்ட் விஷயம் பேசலை, பேட்டீஸ் விஷயம் பேசறேன்னேன். கையைத் தூக்கினாரு. அந்தக் கையைக் கீழே இறக்குங்கன்னேன். எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. இப்ப அவர் சாப்பாடு எப்படி இருக்கு, நாள் எப்படிப் போச்சுன்னு என்ன கேட்டாலும் ‘பரவாயில்லை’ன்னு மட்டும்தான் சொல்றேன். எல்லாத்துக்கும் அதான். அவருக்குப் பைத்தியம் பிடிக்குது.”

ஹேண்ட்பிரேக்கை அவள் இறக்கிய வேகத்தில் எனக்கே பயம் வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் பழக்கிய பெண்களிலேயே இவள்தான் கெட்டிக்காரி.

கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. முன்கூட்டியே வரட்டாம். இவர் உடனே ஷேவிங் செட்டைக் கேட்டார். தரவில்லை. சேட்டு எங்கே என்றார். ஊத்தைக் கூடைக்குள் என்றேன். கோட்டு? காணவில்லை என்றேன். பற்றிஸ்? பொரிக்க எண்ணெய் இல்லை. அரைத்தாடியும், இடுப்பில் பழைய சாரமும், மேலே ஒரு கம்பளிச் சட்டையுமாக, வீட்டில் இருக்கிற மனுசன் எப்படி இருப்பாரோ அப்படியே சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். இவர் கைக்குட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு வந்தார், தமிழ்ச் சனம் யாராவது கண்டுவிடுவார்கள் என்று.

உள்ளே போனதும் டொக்டர் எழும்பிவிட்டார்.

“என்ன சார், உடம்பு சரியில்லையா?”

எத்தனை வருடமாக உடம்பு சரியில்லாத மனுசனைப் பார்த்து அன்றைக்குத்தான் கேட்டார். இவ்வளவு நாளும் அவர் வைத்தியம் பார்த்தது கோட்டுக்கு.

இவர் சாரத்தை இழுத்துக் காலை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தார். டொக்டர் என் பக்கம் திரும்பினார். இந்த முறை அடையாளம் தெரிந்திருந்தது. முகம் கொஞ்சம் கறுத்திருந்தது.

“நீங்க சொல்லுங்கம்மா.”

இதற்காகத்தான் இவ்வளவு நாளும் காத்திருந்தேன். சொல்வதற்கு என்னிடம் எவ்வளவோ இருந்தது. குளிக்கும்போதும், கறி கிளறும்போதும், சிவப்பு விளக்கில் நிற்கும்போதும் திட்டித் திட்டிப் பழகிய வசனங்கள் எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. ஆனால் அவற்றில் எதுவும் வரவில்லை. என் வலது கை தானாக எழும்பியது. உள்ளங்கையை அவர் பக்கம் காட்டினேன்.

“டொக்டர், நீங்கள் கொஞ்சம் இருங்கோ. அவரைக் கதைக்க விடுங்கோ.”

அவருக்கு ஞாபகம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. வந்திருக்க வேண்டும், பேனையைக் கீழே வைத்தார்.  இவர் கைக்குட்டையை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். வாயைத் திறந்து ‘ப’ என்று தொடங்கிவிடுவாரோ என்று இவருடைய உதட்டையே பார்த்தேன். இந்த ஒரு நிமிடத்தில் இந்த மனுசன் மரியாதை பார்த்தால், இனி வாழ்நாள் முழுக்க அந்தக் கட்டில்தான். என் பழியெல்லாம் எனக்கு மறந்துபோனது. சொல்லுங்கோ, கடவுளே, சொல்லுங்கோ என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

“குறை நினைக்கக் கூடாது டொக்டர்,” என்று இவர் தொடங்கினார். களவு பிடிபட்ட ஆள் பேசுவது போல இருந்தது. “நீங்கள் தந்த ரெண்டு மருந்தும் எனக்குச் சரிவரேல்லை. ஏலாது டொக்டர். எனக்கு இனி ஏலாது. தனிய ஒரு காற்சட்டை போட ஏலாது. அந்தக் கோட்டுக்குள்ளை என்னை நுழைச்சு விட்டதும் இவதான். இரவிலை காலைப் பிடிக்க வாற அவவை நான் உதைக்கிறன். அவவின்ரை காலைப் பாருங்கோ, நீலம் பாரிச்சுக் கிடக்கு.”

என் காலைப் பற்றி இவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. நான் மறைத்துத்தான் வைத்திருந்தேன்.

“ஏன் சார் இவ்வளவு நாள் சொல்லலை?” டொக்டரின் குரல் இறங்கியிருந்தது.

“நீங்கள் எங்கட ஆள் எல்லோ,” என்றார் இவர். “உங்களுக்கு மனம் நோகும்.”

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கட்டும். நான் இரங்கவில்லை. மன்னிப்புக் கேட்பார் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. “எழுதறேன்” என்று மட்டும் சொன்னார்.

எழுதியதும் வந்துவிடவில்லை. அந்தக் கமிட்டி ஒரு முறை திருப்பி அனுப்பியது. இன்னும் விவரம் வேண்டுமாம். டொக்டர் திரும்ப எழுதினார். பொறுக்கச் சொன்னார்கள். நான் ஒவ்வொரு கிழமையும் அவருடைய செயலாளருக்குப் போன் பண்ணினேன். அந்தப் பெண்ணுக்கு என் குரல் கேட்டாலே பெருமூச்சு வரும். ஒரு நாள் டொக்டரே போனை எடுத்து, “நானும் அவங்க பின்னாடி அலைஞ்சுட்டுத்தான் இருக்கேன்மா. நான் சொல்றதைக் காது குடுத்துக் கேக்க மாட்டேங்கறாங்க” என்றார். “அப்பிடியோ டொக்டர், கஷ்டம்தான்” என்றேன். போனை வைத்துவிட்டு ஒரு நல்ல தேத்தண்ணி போட்டுக் குடித்தேன்.

இதற்குள் நோர்பரிக் கடைகளில் கதை பரவிவிட்டது. மரக்கறி தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தபோது ஒருத்தி கிட்ட வந்து, “உங்கட அவர் கஞ்சா பாவிக்கப் போறாராம், உண்மையே?” என்று மெல்லக் கேட்டாள். “ஓம், கோயில் திருவிழாவிலை பந்தலுக்குப் பின்னாலை உங்கட அவர் குடிக்கிறாரே, அது மாதிரியில்லை, இது டொக்டர் எழுதித் தாறது” என்று சத்தமாகச் சொன்னேன். அவள் பிறகு முருங்கைக்காயைக்கூட என் பக்கத்தில் நின்று எடுப்பதில்லை.

ஸ்பிரே வந்தது. முதல் சில நாள் தலை சுற்றல், வாயெல்லாம் கசப்பு. “இதைப் போய் ஆசைப்பட்டுக் குடிக்கினமே” என்று இவர் முகத்தைச் சுளித்தார். மெல்ல மெல்ல அளவைக் கூட்டினோம். கால்கள் எழும்பி நடனமாடவில்லை. நான் அற்புதம் எதிர்பார்க்கவுமில்லை. ஆனால் ஒரு நாள் காலையில் கண் விழித்தபோது வெளியே வெளிச்சம் வந்திருந்தது. இவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் கீழே முன்னறைச் சோபாவில் படுத்திருந்தபடி அந்தக் குறட்டையைக் கேட்டு அழுதேன். அந்தக் குறட்டைக்காகப் பழைய காலத்தில் இவரோடு எத்தனை சண்டை.

சில வாரத்தில் திரும்பப் போகவேண்டும். முன்னேற்றம் உண்டு என்று டொக்டர் பதிந்தால்தான் மருந்து தொடரும். இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள். அன்று இவர் கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு காற்சட்டையைத் தானே போட்டார். நெடுநேரம் எடுத்தது, நான் கிட்டப் போகவில்லை. கோட்டைக் கேட்டார். கொடுத்தேன். பற்றிஸ் கேட்டார். அதையும் பொரித்தேன். ஆனால் பெட்டியை இவரிடம் கொடுக்கவில்லை. என் மடியில் வைத்துக்கொண்டு டொக்டருக்கு முன்னால் இருந்தேன்.

“எப்படி இருக்கு சார்?”

இவர் நிமிர்ந்து இருந்தார். ஷேவ் எடுத்த முகம், கீற்றுச் சந்தனம். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

“பரவாயில்லை டொக்டர். நல்ல மருந்து.”

டொக்டரின் விரல்கள் கணினியின் மேல் நின்றன. தட்டவில்லை. அவர் இவரைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். பிறகு கதிரையை முழுதாக என் பக்கம் திருப்பினார்.

“அம்மா, நீங்க சொல்லுங்க. உண்மையாவே பரவாயில்லையா?”

நான் கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்தேன், மூக்கைத் துடைத்தேன், மடித்து உள்ளே வைத்தேன். அவர் காத்திருந்தார். கையைத் தூக்காமல் காத்திருந்தார். பிறகு சொன்னேன். விறைப்பு எப்போது வருகிறது, எவ்வளவு நேரத்தில் விடுகிறது, எத்தனை தரம் எழும்புகிறார், காற்சட்டையை யார் போட்டது, எல்லாவற்றையும். “எழுதுங்கோ” என்றேன். எழுதினார். “வாசிச்சுக் காட்டுங்கோ” என்றேன். வாசித்தார். ஓர் இடத்தில் திருத்தச் சொன்னேன். திருத்தினார். இந்த மருந்து தொடரும் என்று எழுதி முடித்த பிறகுதான் பெட்டியை மேசையில் வைத்தேன்.

பெருஞ்சீரக மணம் அறை முழுக்க வந்தது. அவருடைய முகம் கொஞ்சம் மலர்ந்தது. மூடியில் கை வைக்கப் போனார்.

“அது உங்கட வீட்டுத் தங்கச்சிக்கு. முதல் தரத்திலேயே சோதனை பாஸ் பண்ணினவ எல்லோ,” என்றேன். “உங்களுக்கில்லை டொக்டர்.”